குழியில் இறங்கியவன் கையில் வண்டிச் சாவி!

தோழா! நகரம் நாறாதிருக்க நாளெல்லாம் உழைத்தவன் எவன்? அவன் சேற்றில்; அவன் உழைப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் மாடியில்! சாக்கடைக் குழியில் ஆளை இறக்காதே என்று 2013-இல் சட்டம் வந்தது. குழியில் செத்தவன் குடும்பத்துக்கு 10 இலட்சம் என்று 2014-இல் கூறிய உச்சநீதிமன்றம், 2023-இல் அதை 30 இலட்சமாக்கிற்று. செத்தபின் வரும் பணம் அது. உயிரோடிருக்கையில் வரும் பணத்தைப் பற்றிப் பேசுவோமா?

2024 டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். கழிவுநீர் அகற்றும் வண்டிகள் 213, சென்னையில் தூய்மைப் பணியாளரின் கைக்கு வந்தன. விலையில் நூற்றுக்கு 35 மானியம். மிச்சம் வங்கிக் கடன். குடிநீர் வாரியத்தோடு 7 ஆண்டு ஒப்பந்தம். கூலியாய் நின்றவன் உடைமையாளன் ஆனான்!

ஆனால், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால் போதுமா? டீசல், ஓட்டுநர் சம்பளம், உறிஞ்சு குழாயின் தேய்மானம், வங்கித் தவணை, இத்தனையும் போக மிஞ்சுவதன்றோ இலாபம்! வண்டி பழுதாகி நின்றால் வரவு நிற்கும், வட்டி நிற்குமா? பழுதுக்கென மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வை. பில் பணம் தாமதித்தாலும் தவணை கட்டக் கையிருப்பு வேண்டும். கணக்கை நீயே எழுது. வராதா? பள்ளிக்குப் போகும் உன் மகளை எழுதச் சொல்!

பழைய ஒப்பந்தக்காரன் பல்லிளித்து வருவான். "வண்டி உன் பேரிலேயே இருக்கட்டும், ஓட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், மாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்" என்பான். கையெழுத்திட்டாயோ, கடன் உனக்கு, காசு அவனுக்கு!

இன்னொன்று. அடைப்பு எடுபடாத நாளில், 'ஓர் ஆளை இறக்கினால் பத்தே நிமிடம்' என்று எவனாவது சொல்வான். இப்போது முதலாளி நீ. இறங்கப் போகிறவன் நேற்றுவரை உன்னோடு குழியில் நின்றவன்.