பள்ளிச் சிறுவரின் இருதயமும் விளையாட்டும்

இருதய நோய் முதுமையில் வருவது என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தை அசைத்த சான்றுகளுள் ஒன்று போர்க்களத்திலிருந்து கிடைத்தது. கொரியப் போரில் மாண்ட அமெரிக்கப் போர்வீரர் 300 பேரின் இருதயங்களைச் சோதித்த மருத்துவர்கள் 1953-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். வீரர்களின் சராசரி வயது 22 மட்டுமே. எனினும், அவர்களுள் நூற்றுக்கு 77 பேருக்கு, இருதயத்திற்கே இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களில் கொழுப்புப் படியத் தொடங்கிய அடையாளம் காணப்பட்டது. பின்னர் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்திலுள்ள பொகலூசா என்னும் சிற்றூரில் நடைபெற்ற நீண்டகால ஆராய்ச்சி, இப்படிவு பள்ளிப் பருவத்திலேயே தோன்றுகிறது என்பதையும், உடற்பருமன், இரத்த அழுத்தம், புகை பிடித்தல் ஆகியவற்றுடன் சேர்ந்து அது மிகுகிறது என்பதையும் தெளிவாக்கியது. ஆகவே இருதயப் பாதுகாப்பு தொடங்கவேண்டிய இடங்களுள் ஒன்று பள்ளியின் விளையாட்டுத் திடலாகும்.

இருதயமும் ஒரு தசையே. வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் அது நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. விரைந்து ஓடும்போது இவ்வளவு நான்கு மடங்காகிறது. நாள்தோறும் ஓடியாடும் சிறுவனின் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைச் செலுத்தப் பழகுவதால், ஓய்வு நேரத்தில் அது மெதுவாகத் துடித்தாலே போதுமானதாகிறது. இரத்தக் குழாய்கள் நெகிழ்வுடன் இருக்கின்றன; தசைகள் சர்க்கரையை நன்கு பயன்படுத்திக் கொள்கின்றன.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரை. ஆனால் 2016-ஆம் ஆண்டின் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதினருள் 81 சதவிகிதத்தினர் இந்த அளவை எட்டவில்லை. சிறுவரைவிடச் சிறுமியரே இதில் பின்தங்கியிருந்தனர். ஒரு பந்தும் ஐம்பது மாணவரும் உள்ள விளையாட்டு நேரத்தில் பெரும்பாலோர் வேடிக்கை பார்ப்பவரே. கோகோ ஆட்டத்திலுங்கூட, துரத்தும் அணியில் எண்மர் அமர்ந்திருக்க ஒருவரே ஓடுகிறார். சிறு குழுக்களாகப் பிரித்து விளையாடச் செய்தால் அனைவருக்கும் ஓட்டம் கிடைக்கும்.

இனி, ஆசிரியர்கள் அஞ்சும் செய்திக்கு வருவோம். திடலில் ஓடிக்கொண்டிருந்த மாணவன் திடீரென விழுந்து இறந்தான் என்ற செய்தி வெளிவரும்போதெல்லாம், விளையாட்டே ஆபத்து என்று பெற்றோர் கருதுகின்றனர். உண்மையில் இத்தகைய மரணம் மிக அரிது. அதற்குக் காரணம் பெரும்பாலும் முன்னரே மறைந்திருந்த இருதயக் கோளாறுதான். இவற்றுள் முக்கியமானது இருதயத் தசை அளவுமீறித் தடித்துப்போதல்; சுமார் 500 பேரில் ஒருவரிடம் காணப்படும் இக்கோளாறு பரம்பரையாக வருவது.

இதனை முன்னறிய உதவும் குறி ஒன்று உண்டு. காலை வழிபாட்டில் வெயிலில் நெடுநேரம் நின்ற மாணவி மயங்கினால், பெரும்பாலும் அது இரத்த அழுத்தம் சற்றுத் தாழ்வதால் நேர்வது; படுக்கவைத்தால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது வேறு வகையைச் சேர்ந்தது. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்று அதனை ஒதுக்கிவிடலாகாது. ஓடுகையில் நெஞ்சுவலி, ஒத்த வயதினரைவிட மிகுதியான மூச்சுத் திணறல், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்த செய்தி ஆகியவையும் இவ்வாறே கருதத்தக்கவை. இத்தகைய மாணவரை மருத்துவர் பரிசோதித்து அனுமதிக்கும்வரை ஓட்டப் போட்டிகளில் சேர்க்கக்கூடாது.

இத்தாலியில் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி, போட்டிகளில் கலந்துகொள்வோர் அனைவரும் ஈ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனைக்கு உட்படவேண்டும். அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு இலட்சத்திற்கு 3.6 என்ற நிலையிலிருந்து 2004-க்குள் 0.4 ஆகக் குறைந்தது. ஆனால் வேறு நாடுகளின் அனுபவம் இவ்வாறே அமையவில்லை. இம்முறையின் பயன்பற்றி நிபுணர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. நம் கிராமப் பள்ளிகளில் அனைவருக்கும் இதனைச் செய்வது எளிதன்று. மேற்கூறிய கேள்விகளைக் கேட்பதற்கோ கருவி எதுவும் தேவையில்லை.

இந்தியாவில் தனிக் கவனத்திற்குரியது வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயதினருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண், இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் மூட்டுக்கு மூட்டு மாறும் வீக்கமாகவும் காய்ச்சலாகவும் வெளிப்பட்டு, இருதய வால்வுகளைத் தழும்பாக்கிவிடக் கூடும். தொண்டைப்புண் கண்ட 9 நாட்களுக்குள் பென்சிலின் அளித்தால் இது தடுக்கப்படுகிறது. நோய் ஒருமுறை வந்தவருக்குப் பல ஆண்டுகள், மூன்று வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தேவைப்படலாம். அத்தவணை தவறாமல் பார்த்துக்கொள்வதில் களப்பணியாளரின் பங்கு பெரிது.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு நிகழ்கிறது. இருதயத்தில் முணுமுணுப்பு ஓசை கேட்டது என்ற ஒரே காரணத்தால், ஆண்டுக்கணக்கில் விளையாட விடாமல் உட்கார வைக்கப்படும் குழந்தைகள் உண்டு. சிறுவயதில் கேட்கும் இவ்வோசைகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. வால்வு நோய் உள்ள குழந்தைக்குங்கூட எவ்வளவு விளையாடலாம் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். முழுத் தடை அரிதாகவே தேவைப்படும். மாறாக, காய்ச்சல் கண்டிருக்கும் நாட்களில் எந்த மாணவரையும் ஓடவிடலாகாது. சில கிருமிகள் இருதயத் தசையையும் தாக்கக்கூடும்.

திடலில் ஒருவர் விழுந்து, கூப்பிட்டும் விழிக்காமல், இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால், இருதயம் நின்றுவிட்டதாகவே கொள்ளவேண்டும். அப்போது கைகால்கள் சிறிது வெட்டுவதுண்டு. அதனை வலிப்பு என்றெண்ணிக் கையில் சாவியைக் கொடுப்பதிலும், முகத்தில் நீர் தெளிப்பதிலும் விலைமதிப்பற்ற நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன. ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும். அழுத்துபவர் களைத்தால் இன்னொருவர் இடைவெளியின்றித் தொடரவேண்டும்.