கபடியில கால் உடைஞ்சா யார் பொறுப்பு?

இன்னிக்கு எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். விளையாடும்போது ஒருத்தருக்கு அடிபட்டா, சட்டப்படி அதுக்கு யார் பொறுப்பு? அடிச்சவரா, போட்டி நடத்துனவங்களா, இல்ல "விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்"னு விட்டுடணுமா?

எங்க ஊர் ஆறுமுகநேரி. தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற வழியில, உப்பளங்களுக்கு நடுவுல இருக்குற ஊர். பக்கத்துல காயல்பட்டினத்துல ஃபுட்பால், கோவில்பட்டி பக்கம் போனா ஹாக்கி, கிராமத்துக்குக் கிராமம் கபடி. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் ஜெயிச்ச இந்திய கபடி டீம்ல ஆடுன மணத்தி கணேசன் நம்ம மாவட்டத்துக்காரர்தான். 'பைசன்' படம் பார்த்தவங்களுக்கு அந்த மண்ணைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல.

கோயில் கொடை சமயத்துல ராத்திரி முழுக்க லைட் போட்டு கபடி நடக்கும். ஆடுற பசங்கள்ல நிறைய பேர் தினக்கூலிக்குப் போறவங்க. உப்பு வாருற சீசன் கோடைக்காலம். கொடை நடக்குறதும் பெரும்பாலும் அதே மாசங்கள்லதான். அப்போ ஒரு பையனுக்கு கால் உடைஞ்சா, ஆஸ்பத்திரி செலவோட அந்த வருஷச் சம்பாத்தியமும் சேர்ந்து போகுது. வழக்கமா என்ன நடக்கும்? ரெண்டு டீமும் கொஞ்சம் காசு போடுவாங்க, கமிட்டி கொஞ்சம் போடும், அதோட முடிஞ்சது. அதுக்கு மேல கேக்க அவனுக்கு உரிமை இருக்கா? நான் வக்கீல் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். படிச்சு எனக்குப் புரிஞ்சதை வரிசையா சொல்றேன்.

ஆடுறவங்களுக்குள்ள

1860-ல எழுதுன இந்திய தண்டனைச் சட்டத்துல 87-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு, அதுல இது 25-ஆவது பிரிவு. நம்பர்தான் மாறியிருக்கு, விஷயம் அதேதான். சட்டமே அதுக்கு ஒரு விளையாட்டைத்தான் உதாரணமா சொல்லுது. ரெண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாள் வீசி விளையாட ஒத்துக்கிறாங்க. ஒருத்தர் நேர்மையா ஆடும்போது இன்னொருத்தருக்குக் காயம் பட்டுச்சுன்னா அது குற்றம் இல்ல. விளையாட ஒத்துக்கிட்டப்பவே அந்தக் காயத்துக்கும் அவர் சம்மதிச்சுட்டதா சட்டம் எடுத்துக்குது.

ஆனா இதுல கண்டிஷன் இருக்கு. சம்மதிக்கிறவருக்கு 18 வயசு தாண்டியிருக்கணும். ஆட்டம் நேர்மையா இருக்கணும். உயிர் போகணும், இல்ல கொடுங்காயம் ஆகணும்னு நினைச்சு செஞ்சிருக்கக் கூடாது. அப்படி ஆக வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சும் செஞ்சிருக்கக் கூடாது. எலும்பு முறிவு சட்டக் கணக்குல கொடுங்காயம்தான், ஞாபகம் வெச்சுக்கோங்க.

கபடிக்கு இதைப் பொருத்திப் பாப்போம். ரெய்டு வந்தவனோட கணுக்காலைப் பிடிச்சு இழுக்குறது ஆட்டம். அதுல அவன் விழுந்து தோள்பட்டை இறங்குனா, பிடிச்சவன் மேல தப்பு சொல்ல முடியாது. ஆனா வாயைப் பொத்துறது, கழுத்தை நெரிக்கிறது, காலால கத்திரி போடுறது எல்லாம் விதிப்படியே ஃபவுல். போன வருஷத்துப் பகையை மனசுல வெச்சுக்கிட்டு ஒருத்தன் கத்திரி போட்டு கால் உடைஞ்சா, "விளையாட்டுலதானே சார்"னு தப்பிக்கிறது கஷ்டம்.

எல்லா ஃபவுலுமே குற்றமான்னு கேட்டா, இல்ல. ஆட்ட வேகத்துல ஃபவுல் நடக்கத்தான் செய்யும், அது ஆடுற எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு மோசமா, எவ்வளவு அலட்சியமா நடந்ததுங்கிறதுதான் கேள்வி. இங்கிலாந்துல காண்டன் எதிர் பாசின்னு 1985-ல ஒரு தீர்ப்பு. லோக்கல் லீக் ஃபுட்பால் மேட்ச், மோசமான ஒரு டேக்கிள், எதிர் டீம் ஆளோட கால் உடைஞ்சுது. ரெஃப்ரி சிவப்பு அட்டை காட்டுனார். கோர்ட் 4,900 பவுண்டு நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஃபிலிப் ஹியூஸ். 2014 நவம்பர்ல சிட்னியில பவுன்சர் கழுத்துல பட்டு ரெண்டு நாள் கழிச்சு இறந்துபோன ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன். 2016-ல வந்த விசாரணை முடிவு, அது விபத்து, யார் மேலயும் குற்றம் இல்லைன்னு சொல்லுச்சு. பவுன்சர் கிரிக்கெட் விதிக்குள்ள இருக்குற ஒண்ணு. விளைவு எவ்வளவு கொடூரம்ங்கிறதை மட்டும் வெச்சு பொறுப்பை முடிவு பண்றதில்ல.

நடத்துறவங்க

நம்ம ஊர்ல யாருமே கேக்காத கேள்வி இதுதான். விளையாட வர்ற பையன் எதுக்கு சம்மதிச்சான்? பிடி, மோதல், கீழ விழுறது, இதுக்கெல்லாம் சம்மதிச்சான். மண்ணுக்குள்ள கிடந்த கண்ணாடித் துண்டுக்கு சம்மதிக்கல. ஈரத் தரையில டேப் சுத்திப் போட்ட ஃபோகஸ் லைட் ஒயருக்கு சம்மதிக்கல. முதலுதவி தெரிஞ்ச ஒரு ஆள்கூட இல்லாத ராத்திரிக்கும் சம்மதிக்கல. மைதானத்தையும் லைட்டையும் ஏற்பாடு பண்றவங்க கமிட்டி. அதுல நியாயமான கவனம் காட்ட வேண்டிய கடமையும் அவங்களோடதுதான்.

2022 ஜூலையில பண்ருட்டி பக்கத்துல கபடி ஆடிட்டிருந்த ஒரு இளைஞர் மைதானத்துலயே சரிஞ்சு இறந்துட்டார். வீடியோவை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அங்க யார் தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த மாதிரி ஒரு நிமிஷம் எந்தக் களத்துலயும் வரலாம். வந்தா என்ன செய்வோம்னு முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்கோமாங்கிறதுதான் கமிட்டியைப் பார்த்து கேக்க வேண்டிய கேள்வி.

பாக்க வர்றவங்களுக்கும் இது பொருந்தும். 2021 மார்ச்ல தெலங்கானா சூர்யாபேட்டையில தேசிய ஜூனியர் கபடி போட்டி ஆரம்பிக்கிற நேரத்துல கேலரி சரிஞ்சு 100 பேருக்கு மேல காயம். அவங்க யாருமே ஆட வந்தவங்க இல்ல.

ஜல்லிக்கட்டுக்கு 2017-ல இருந்து தமிழ்நாட்டுல தனி விதிகள் இருக்கு. கலெக்டர் அனுமதி, ரெண்டு அடுக்குத் தடுப்பு, பார்வையாளர் கேலரி, டாக்டர் குழு, ஆம்புலன்ஸ்னு எழுதியே வெச்சிருக்காங்க. கபடிக்கு அந்த மாதிரி தனிச் சட்டம் கிடையாது. அதனால பொறுப்பும் கிடையாதுன்னு அர்த்தம் இல்ல. கவனக்குறைவால காயம் ஏற்படுத்துறதுக்கு பிரிவு 125, உயிர் போனா பிரிவு 106. முன்னாடி கவனக்குறைவு மரணத்துக்கு அதிகபட்சம் 2 வருஷம் ஜெயில், புதுச் சட்டத்துல 5 வருஷம். இது இல்லாம, 1855-ல வந்த உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தை வெச்சு இறந்தவரோட குடும்பம் சிவில் கோர்ட்ல நஷ்டஈடும் கேக்கலாம்.

ரோட்டுல போறவங்க

இவங்க எதுக்குமே சம்மதிக்காதவங்க. இங்கிலாந்துல ரெண்டு கிரிக்கெட் வழக்கு இருக்கு, சேர்த்துப் படிச்சா நல்லா புரியும். முதல்ல போல்டன் எதிர் ஸ்டோன். 1947-ல சிக்ஸருக்குப் பறந்த பந்து ரோட்டுல நின்ன ஒரு பெண் மேல பட்டுச்சு. அந்த கிரவுண்ட்ல இருந்து பந்து வெளிய போனது சுமார் 30 வருஷத்துல 6 தடவைதான். இவ்வளவு அபூர்வமான ஆபத்துக்கு கிளப்பைப் பொறுப்பாக்க முடியாதுன்னு 1951-ல தீர்ப்பு வந்துச்சு. அடுத்தது 1977, மில்லர் எதிர் ஜாக்சன். அங்க பக்கத்து வீட்டுல பந்து அடிக்கடி வந்து விழுந்துச்சு. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லல, ஆனா கிளப் நஷ்டஈடு குடுக்கணும்னு கோர்ட் சொல்லுச்சு.

ஆக, திரும்பத் திரும்ப நடக்குற ஒண்ணை "எதிர்பாராத விபத்து"ன்னு சொல்ல முடியாது. மாட்டு வண்டிப் பந்தயத்தை நினைச்சுப் பாருங்க. வண்டிக்குப் பின்னாடி பைக்ல கத்திக்கிட்டே ஒரு கூட்டம் துரத்திட்டுப் போகுறது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அதுல யாராவது இடிபட்டா, "நாங்க நினைக்கவே இல்ல"ன்னு கமிட்டி எப்படிச் சொல்லும்?

"நிர்வாகம் பொறுப்பல்ல"

சென்னையில டர்ஃப் புக் பண்ணுனா ஃபோன்ல ஒரு ஃபார்ம் வரும், கீழ ஒரு டிக் பாக்ஸ். ஊர்ல நோட்டீஸோட கடைசி வரி: "காயங்களுக்கு விழா கமிட்டி பொறுப்பல்ல". ரெண்டும் ஒண்ணுதான். படிக்காம 'ஐ அக்ரி' அமுக்குறவங்களுக்காகவே எழுதுனது.

இது எவ்வளவு தூரம் செல்லும்? இதுக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்ல 1960-கள்ல வந்த ஒரு சேலை வழக்கு உதவும். லில்லி ஒயிட்டுங்கிற சலவைக்கடையில போட்ட சேலை தொலைஞ்சு போச்சு. ரசீதுல, தொலைஞ்சா விலையில ஒரு சின்னப் பங்குதான் தருவோம்னு அச்சடிச்சிருந்தாங்க. அந்த மாதிரி நிபந்தனை பொதுநலனுக்கு எதிரானது, செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. கவனக்குறைவா இருந்துட்டு அச்சடிச்ச வரியைக் காட்டித் தப்பிக்க விட்டா, யாருமே கவனமா இருக்க மாட்டாங்க. ஒரு சேலைக்கே அப்படின்னா, முழங்காலுக்கு என்ன சொல்வாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

அந்த வரிக்கு மதிப்பே இல்லைன்னும் நினைச்சுடாதீங்க. ஆட்டத்தோட ஆபத்து தெரிஞ்சுதான் நீங்க வந்தீங்கன்னு காட்ட அது உதவும். அவங்க கவனக்குறைவை மூடி மறைக்க உதவாது.

18 வயசுக்குக் கீழ இருந்தா கதையே வேற. மைனர் போடுற ஒப்பந்தம் செல்லாது. அப்பா அம்மா கையெழுத்து போட்டாலும், கோச்சும் ஸ்கூலும் பிள்ளையைப் பாத்துக்க வேண்டிய கடமை அப்படியே இருக்கும். 1995-ல பியாஸ் ஆத்துல, ஸ்கூல் பிக்னிக் போன 14 மாணவர்கள் மூழ்கி இறந்தாங்க. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் நஷ்டஈடுங்கிறதை 2001-ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. ஜூனியர் டீம் வெச்சிருக்குற கிளப்கள் இந்தத் தீர்ப்பை ஒரு தடவையாவது படிக்கணும்.

இப்போ என்ன செய்யலாம்?

கேஸ் நடத்த வருஷக்கணக்காகும், காசும் ஆகும். உப்பளத்துக்குப் போற பையன் அதுக்குக் காத்திருக்க முடியாது. அதனால மேட்ச்சுக்கு முன்னாடி செய்யுறதுதான் நிஜமா உதவும்.

கமிட்டியில இருக்கீங்களா? பரிசுத்தொகையை நோட்டீஸ்ல போடுறதுக்கு முன்னாடி, ஆடுறவங்களுக்கு குரூப் விபத்துக் காப்பீடு எடுக்க ஒரு தொகையை ஒதுக்குங்க. களத்தைக் கூட்டிப் பாருங்க, எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்க, ஆம்புலன்ஸுக்கு யார் ஃபோன் பண்ணணும்னு பேர் சொல்லி முடிவு பண்ணுங்க.

ஆடுறவங்களா? வருஷத்துக்கு 20 ரூபாய்தான் பிரதமர் சுரக்‌ஷா பீமா. 18-ல இருந்து 70 வயசு வரைக்கும் சேரலாம், பேங்க் கணக்கு இருந்தா போதும். விபத்துல உயிர் போனாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம். ஆனா உடைஞ்சு கூடுற காலுக்கும், போன கூலிக்கும் அதுல எதுவும் வராது. அதுக்குத்தான் கமிட்டி எடுக்குற பாலிசி வேணும்.

அடிபட்டுட்டா, அன்னிக்கே ஆஸ்பத்திரி சீட்டுல எப்படி, எங்க அடிபட்டுச்சுன்னு உள்ளபடி எழுத வைங்க. "பைக்ல இருந்து விழுந்துட்டேன்"னு சொல்லச் சொல்லி பக்கத்துல நிக்கிறவங்க கெஞ்சுவாங்க. அப்படி எழுதிட்டா, பின்னாடி காப்பீடு கேக்கவும் வழி இல்ல, கேஸ் போடவும் வழி இல்ல.

உங்க ஊர் கமிட்டி குரூப்ல இந்த எபிசோடைப் போட்டு விடுங்க. அடுத்த கொடைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துட்டோம்னு யாராவது மெசேஜ் பண்ணுனா, அதை இங்க சந்தோஷமா வாசிக்கிறேன். அடுத்த வாரம் பாப்போம்!