குழந்தை ‘வாட்ச் செல்’லை விழுங்கினால் என்ன ஆகும்? முதல் 2 மணி நேரம் ஏன் முக்கியம்?

குழந்தை ரிமோட்டைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறது. மூடி கழன்று உள்ளே இருந்த வட்ட பேட்டரி எங்கேயோ உருண்டு ஓடுகிறது. தேடினால் காணோம். ‘கட்டிலுக்கு அடியில கிடக்கும், காலையில பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அது குழந்தையின் தொண்டைக்குள் போயிருந்தால், காலை வரை நேரம் இல்லை.

பட்டன் பேட்டரி, காயின் பேட்டரி என்றெல்லாம் பெயர் இருந்தாலும் நம்ம ஊரில் இது ‘வாட்ச் செல்’. கார் சாவி, எடை பார்க்கும் மெஷின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், கார்த்திகைக்கு வாங்கும் பேட்டரி அகல்விளக்கு, திருவிழாக் கடையில் விற்கும் மினுமினுக்கும் பொம்மை என எல்லாவற்றிலும் இருக்கிறது.

காசு மாதிரிதானே, என்ன ஆபத்து?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். காசு தொண்டையில் சிக்கினால் அப்படியே கிடக்கும். பேட்டரி அப்படி இல்லை. உணவுக்குழாயின் ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் பாயத் தொடங்குகிறது. பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தில் காஸ்டிக் சோடா போன்ற கடுமையான காரம் உருவாகி, அந்த இடத்துச் சதையை அரிக்கிறது. பேட்டரி உடைந்து கசிய வேண்டும் என்றில்லை, முழுசாக இருந்தாலே இது நடக்கும். 2 மணி நேரத்துக்குள் மோசமான புண் வந்துவிடலாம். புண் ஆழமானால் மூச்சுக்குழாய் வரைக்கும் ஓட்டை விழலாம். பெரிய ரத்தக்குழாய் அரிக்கப்பட்டு, பேட்டரியை எடுத்த பல நாள் கழித்தும் ரத்தப்போக்கு வரலாம்.

அதிக ஆபத்து 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரியில். பின்பக்கத்தில் ‘சிஆர் 2032’ என்று இருக்கும். முதல் இரண்டு எண்தான் அகலம். கிட்டத்தட்ட 1 ரூபாய் காசு சைஸ் என்பதால் சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். இதில் 3 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. ரிமோட் வேலை செய்யாமல் போனதால் கழற்றிப் போட்ட பேட்டரியிலும் சதையை அரிக்கும் அளவு மின்சாரம் மிச்சம் இருக்கலாம்.

கிராமத்தில் இருந்தால் என்ன செய்வது?

காஞ்சிபுரம் மாவட்டம் புள்ளலூரில் இரவு 8 மணிக்கு இது நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு அல்லது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்று ஒவ்வொரு இடமாக அனுப்பினால், 2 மணி நேரம் வழியிலேயே போய்விடும். அதனால் 108-க்கு போன் செய்யும்போதே ‘பேட்டரி முழுங்கிடுச்சு’ என்று சொல்லி, எக்ஸ்ரேயும் குழந்தைகளுக்கான எண்டோஸ்கோபியும் எங்கே உடனே கிடைக்கும் என்று கேளுங்கள். மருத்துவமனையிலும் முதல் வார்த்தை அதுவாகவே இருக்கட்டும். எக்ஸ்ரேயில் பேட்டரி காசு மாதிரியே தெரியும். ஓரத்தில் இரட்டை வளையம் தெரிகிறதா என்பதை வைத்துத்தான் டாக்டர்கள் பிரித்துச் சொல்வார்கள்.

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ‘வாழைப்பழம் கொடு, கீழ இறங்கிடும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். விதிவிலக்கு தேன் மட்டும். 1 வயது நிறைந்த குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன், அதிகபட்சம் 6 முறை கொடுக்கலாம். பன்றிக்குட்டிகளில் செய்து 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தேன் புண்ணின் தீவிரத்தைக் குறைப்பது தெரியவந்தது. இது சிகிச்சை அல்ல, போகிற வழியில் செய்யும் முதலுதவி. வீட்டில் தேன் இல்லை என்றால் கடை தேடி அலையாமல் கிளம்புங்கள். 1 வயதுக்குக் கீழ் இருந்தால் தேன் கொடுக்கவே கூடாது.

விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை என்றால்தான் சிக்கல். எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, இருமல், காய்ச்சல் எல்லாம் சாதாரண சளித் தொல்லை போலவே இருக்கும். அமெரிக்காவின் டெக்சாஸில் ரீஸ் ஹாம்ஸ்மித் என்ற 18 மாதக் குழந்தைக்கும் முதலில் சளி, இருமல் தொந்தரவு என்றே கருதப்பட்டது. ரிமோட்டில் இருந்த பேட்டரியை விழுங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. 2020 டிசம்பரில் குழந்தை இறந்தது. 2022 ஆகஸ்டில் அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கு சட்டம் வந்தது. பேட்டரி மூடியைக் குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதபடி பொருட்களைத் தயாரிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதே ஆண்டு ஜூனில் ஆஸ்திரேலியாவும் இதுபோன்ற விதிகளைக் கட்டாயமாக்கியது.

கம்பெனிகள் என்ன செய்கின்றன?

டியூராசெல் தனது லித்தியம் காயின் பேட்டரிகளில் கசப்புப் பூச்சு தடவுகிறது, வாயில் வைத்ததும் குழந்தை துப்பிவிடும் என்ற கணக்கில். எனர்ஜைசர், எச்சில் பட்டால் வாயை நீல நிறமாக்கும் பேட்டரியை விற்கிறது. நல்ல யோசனைதான், குறைந்தபட்சம் பெற்றோருக்குத் தெரிந்துவிடும். ஆனால் கசப்போ நீலமோ விழுங்கிய பிறகு நடக்கும் அரிப்பைத் தடுக்காது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் அந்த உத்தரவு பொம்மைகளுக்கு மட்டும்தான். ரிமோட்டும் எடை மெஷினும் அதில் வராது. திருவிழாக் கடையில் பொம்மை வாங்கும்போது யார் முத்திரையைப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

வாங்கும்போது பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் ரிமோட் மூடி லூஸாக இருந்தால் இன்றைக்கே அழுத்தமாக டேப் ஒட்டுங்கள். தீர்ந்த பேட்டரியை இரண்டு பக்கமும் டேப் சுற்றி, குழந்தைக்கு எட்டாத டப்பாவில் போடுங்கள்.