மூளைக் காயமும் நட்டஈட்டுக் கணக்கும்

விபத்தொன்றில் கையை இழந்தவரின் இழப்பு யாவர்க்கும் புலப்படும். மூளைக் காயமோ நினைவையும் மொழியையும் சிந்தனையையும் சிதைப்பது. இவ்விழப்பை நீதிமன்றம் எவ்வாறு பணமாக்குகின்றது என ஆராய்வோமாயின், மனித உழைப்பைச் சமுதாயம் எவ்வாறு மதிக்கின்றது என்பதும் தெளிவாகும்.

இந்திய மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் ஆண்டு வருமானம், வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்கப்படுகின்றது. மருத்துவச் செலவு, பராமரிப்பு, வேதனை என்பன தனித்தனியே சேர்க்கப்படுகின்றன. அவ்வாறாயின், தன் உழைப்புச் சக்தியை இன்னும் விற்கத் தொடங்காத குழந்தையின் வருமானம் யாது?

2007 இல் ஹரியானாவில் உழவு இயந்திரத்திற் பெற்றோருடன் சென்ற 12 வயதுச் சிறுமி, லொறி மோதியதால் மூளையிற் கடுங்காயமுற்றாள். ஒன்பது மாதக் குழந்தையின் நிலையிலேயே அவளது அறிவாற்றல் நின்றுவிட்டது. கீழ் நீதிமன்றங்கள் அவளுக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாவைக் கற்பித வருமானமாகக் கொண்டன. இத்தொகை 1994 இல் சட்டத்தின் அட்டவணையிற் சேர்க்கப்பட்டதாகும். 2020 இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் மாதாந்தக் குறைந்தபட்சக் கூலியான 4,846 ரூபாவை அடிப்படையாகக் கொண்டு, எதிர்கால உயர்வுக்கென 40 வீதம் கூட்டி, 18 என்னும் பெருக்கெண்ணால் பெருக்கிற்று. கிடைத்தது ஏறத்தாழ 14,66,000 ரூபா.

பராமரிப்புக் கணக்கு இதனினும் முக்கியமானது. மாநில உயர் நீதிமன்றம் உதவியாளருக்கென மாதம் 2,500 ரூபாவையே கணித்திருந்தது. உச்ச நீதிமன்றமோ பகலுக்கும் இரவுக்குமென இரு உதவியாளரைக் கொண்டு, மாதம் 10,000 ரூபா வீதம் 21,60,000 ரூபா வழங்கிற்று. அன்பென்னும் பெயரால் கணக்கிலிருந்து மறைந்துபோகும் தாயின் உழைப்பு, இங்கு உழைப்பாகவே அங்கீகாரம் பெறுகின்றது. வேதனைக்கு வழங்கிய 15,00,000 ரூபா முதலியன சேர மொத்தத் தொகை 62,27,000 ரூபா ஆயிற்று.

இத்தீர்ப்பு வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதன் எல்லையையும் நாம் காணுதல் வேண்டும். அளவுகோல் உயர்ந்ததேயன்றி மாறவில்லை. கூலியே இன்னமும் மனிதனின் அளவாக உள்ளது. அதனால், ஒரே வகையான மூளைக் காயத்திற்குச் செல்வந்தரின் வருமான இழப்பு மிகுதியாகவும் கூலியாளினது குறைவாகவும் கணிக்கப்படுகின்றது. மேலும், விபத்திலிருந்து இறுதித் தீர்ப்புவரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அக்காலம் முழுவதும் அச்சிறுமிக்குப் பராமரிப்புத் தேவைப்பட்டது. நட்டஈடு வழக்காடிப் பெறும் தொகையாக இருக்கும்வரை, இக்காத்திருப்பின் சுமையை ஏழைக் குடும்பமே தாங்கவேண்டியிருக்கும். பராமரிப்பைச் சமுதாயத்தின் பொதுப் பொறுப்பாக்குவதே இதற்குரிய தீர்வென நாம் கருதுகின்றோம்.