கூப்பிய கையை வரைவது

உருவப்படம் பழகுகிறவர்கள் முகத்தைத் துணிந்து வரைந்துவிடுவார்கள். கையைத் தாளுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். விரல்கள் அவ்வளவு தொல்லை. நம் சிற்பிகள் கையை ஒளிக்கவில்லை. கூப்பவைத்து, நெஞ்சுக்கு நேரே நிறுத்தினார்கள்.

மதுரைப் புதுமண்டபத்தில் இதைப் பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. அங்கே தூண்களில் நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் ஏறத்தாழ ஆளுயரத்தில் நிற்கிறார்கள். தொந்தியும் நகையும் இடுப்புக் குத்துவாளும் அரசனுக்குரியவை. கை மட்டும் பக்தனுடையது. கோயிலுக்குள் சிலையாக நிற்பவர் தெய்வமல்ல, தொழ வந்த மனிதர் என்பதைக் கூப்பிய கை தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறது. திருமலையில் கிருஷ்ணதேவராயரும் தேவியர் இருவரும் இப்படித்தான் நிற்கிறார்கள். தஞ்சாவூர் சரபோஜி மன்னரை வெள்ளைப் பளிங்கில் வடித்த ஆங்கிலேயச் சிற்பி ஃபிளாக்ஸ்மனும் அவர் கையைக் கூப்பியே வைத்தார்.

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு பிள்ளை தன் தாத்தாவைக் கைகூப்பியபடி எதிரே உட்காரவைத்து வரைகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரே பார்த்தால் சுண்டுவிரல் ஓரங்கள்தான் நம் பக்கம் இருக்கும். கட்டைவிரல்கள் அவர் நெஞ்சை ஒட்டியிருக்கும். ஐந்து விரலையும் காட்ட முயன்றால் கை கோணிவிடும். கையின் நீளம் ஏறக்குறைய மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம்வரை. விரல் நுனி நம்மை நோக்கிச் சாய்ந்தால் அந்த நீளம் சுருங்கித் தெரியும். இரண்டு கையும் பலகைபோல ஒட்டுவதில்லை. நுனியும் அடிமேடும் தொட, நடுவில் உள்ளங்கைக் குழி இருட்டாக நிற்கும். அந்த இருட்டை விட்டுவிட்டால் கைக்கு உயிர் வராது.

ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1508இல் நீலத் தாளில் தூரிகையால் வரைந்த கைகள் இதற்கு நல்ல பாடம். பிராங்பர்ட் தேவாலயப் பலிபீட ஓவியம் ஒன்றுக்கான பயிற்சிப் படம் அது. ஓவியத்தின் நடுப்பகுதி பின்னாளில் தீயில் அழிந்தது; பயிற்சிப் படம் வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ளங்கைகள் அழுந்தவில்லை, இடைவெளி தெரிகிறது. நரம்பும் தோல் சுருக்கமும் வெள்ளைக் கோட்டால் ஒளி பெறுகின்றன.

தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராக இருந்தால் கணுக்கள் பருத்திருக்கும். அவற்றை மழுப்பாமல் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மணிக்கட்டின் மடிப்பு, முழங்கை விரியும் அளவு. முழங்கை எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்தே தோள் ஏறும், இறங்கும். முகத்தை அதன்பின் தொடங்கலாம்.