சிகாகோவில் ஒரு மடல் தயாராகிறது

2012 அதிபர் தேர்தலில் பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு இணையம் வழியாகத் திரட்டியது சுமார் 69 கோடி டாலர். பெரும்பகுதியைக் கொண்டுவந்தவை மின்னஞ்சல்கள். சிகாகோ தலைமையகத்தில் அவற்றைச் செய்த விதம், எழுத்தைவிட எண்ணிக்கையை நம்பியது.

முதல் வேலை முகவரி சேர்ப்பது. மனுவில் கையெழுத்திடுங்கள், கூட்டத்துக்குப் பதிவு செய்யுங்கள் என்பார்கள். கூடவே மின்னஞ்சல் முகவரியையும் வாங்கிக்கொள்வார்கள். பணம் கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பட்டியலைப் பிரிப்பார்கள். கொடுத்தவரிடம் கேட்கும் தொகை, அவர் முன்பு கொடுத்ததை ஒட்டியே இருக்கும். புதியவருக்கு 3 டாலர் போதும். அதிபரோடு விருந்துண்ணும் குலுக்கலில் அவர் பெயரும் சேரும்.

பிறகு எழுத்து. டோபி ஃபால்ஸ்கிராஃப் தலைமையில் 20 எழுத்தாளர்கள். ஒரே வேண்டுகோளுக்குப் பல வரைவுகள், பல தலைப்புகள். சில சமயம் 18 வடிவங்கள்கூட.

இனிதான் முக்கியமான கட்டம். பட்டியலிலிருந்து சிறு குழுக்களைப் பொறுக்கி, குழுவுக்கொரு வடிவத்தை அனுப்புவார்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்பதோடு நிற்காமல், எவ்வளவு பணம் வந்தது என்று பார்ப்பார்கள். வென்ற வடிவமே கோடிக்கணக்கானவர்களுக்குப் போகும். 2012 ஜூனில், எதிரணி தன்னைவிட அதிகமாகச் செலவழிக்கும் என்று ஒபாமாவே சொல்வதுபோல் ஒரு தலைப்பு வைத்தார்கள். வந்தது 26 லட்சம் டாலருக்கு மேல். அதே சோதனையில் கடைசியாக வந்த தலைப்பை அனுப்பியிருந்தால் சுமார் 4 லட்சம்தான் தேறியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பதவியில் இருக்கும் அதிபரே பயந்தவர்போல் பேசுவது எனக்கு ரசிக்கவில்லை. ஆனால் பெட்டியை நிரப்பியது அந்தப் பயம்தான்.

எது வெல்லும் என்று எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் தங்களுக்குள் பந்தயம் கட்டுவார்கள், பெரும்பாலும் தோற்பார்கள். நண்பர் கூப்பிடுவதுபோல் வெறும் "ஹே" என்ற தலைப்பு, நயமான வாக்கியங்களை எல்லாம் முந்தியது. வரிகளுக்கு அசிங்கமான மஞ்சள் பூசினால் பணம் கூடியது. புதுமை தீர்ந்ததும் அதன் பலனும் போய்விட்டது. அமேலியா ஷோவால்டரின் பகுப்பாய்வுக் குழு மறுபடி சோதனையில் இறங்கியது.

கடைசியாக, விலகுவோர் கணக்கு. மடல்கள் கூடினால் ஆதரவாளர் சலித்துப்போவாரோ என்று அதையும் சோதித்தார்கள். விலகியவர்களால் வந்த நஷ்டத்தைவிடக் கூடுதல் மடல்களின் வரவே அதிகம். ஆகவே இன்னும் அனுப்பினார்கள். இன்று அமெரிக்க வாக்காளரின் மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். தடுக்கச் சட்டமும் கைகொடுக்காது: வேண்டாத மடல்களைக் கட்டுப்படுத்த 2003இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் வணிக விளம்பரங்களுக்கு மட்டுமே. தேர்தல் நிதி கேட்கும் மடல் அதில் வராது.