காதிலிருந்து அளக்க வேண்டிய மேசை

திருத்தணிக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. முருகன் முதியவர் வடிவில் வந்து முத்துசுவாமி தீட்சிதரின் வாயில் கற்கண்டு இட்டது இந்த மலையில்தான் என்றும், மாயாமாளவகௌளையில் அவருடைய முதல் கீர்த்தனை இங்கேதான் பிறந்தது என்றும் சங்கீத உலகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும்போது பம்பையும் உடுக்கையும் தவிலும் கூடவே படியேறுகின்றன. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. அதனால் தமிழ், தெலுங்கு இரண்டிலும் முருகனைப் பாடுகிறவர்கள் இங்கே உண்டு. அந்தப் பாட்டைப் பதிவு செய்யச் சென்னைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்ற நிலை இன்று இல்லை. மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், நல்ல மைக், இரண்டு ஸ்பீக்கர், பத்துக்குப் பத்து அறை ஒன்று இருந்தால் வீட்டிலேயே வேலையைத் தொடங்கலாம். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ அங்கே உருவானதுதான்.

வீட்டு ஸ்டுடியோ வைக்க நினைப்பவர்கள் எந்த மைக், எந்த ஸ்பீக்கர் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். மேசை, ஸ்டாண்டு, ரேக் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது; மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் டேபிளோடு அது முடிந்தும் போகிறது. இந்த வரிசை தலைகீழாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அறைக்குள் இருக்கும் ஒவ்வொரு மரச்சாமானும் நம் காதுக்கு வரும் ஒலியை மாற்றுகிறது. ஆசாரியின் துணையோடு நாமே செய்துகொள்ளக்கூடிய ஸ்டுடியோ கருவியும் அது ஒன்றுதான்.

அறையில் உள்ள பொருட்கள் ஒலியை மாற்றும் என்பதை அளந்து காட்டியவர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை அரங்கு ஒன்றில் பேசினால் ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறி, எதுவும் விளங்காமல் போயிற்று. அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் வந்தது. பக்கத்துச் சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அரங்கில் அடுக்கினார். ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று குறித்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. கட்டட ஒலியியல் என்ற துறைக்கே அந்த மெத்தைகள்தான் அடித்தளம். பாய், தலையணை, துணி அலமாரி நிறைந்த படுக்கையறையில் பதிவு செய்த குரல், காலியான கூடத்தில் பதிவு செய்ததைவிடத் தெளிவாக இருப்பதற்கும் அதே காரணம்தான்.

மெத்தை ஒலியை விழுங்குகிறது. மேசைப் பலகை திருப்பி அனுப்புகிறது. ஸ்பீக்கரும் காதும் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்திலும், இரண்டுக்கும் நடுவே இடைவெளி 1.1 மீட்டராகவும், மேசை உயரம் 75 செ.மீ. ஆகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேராக வரும் ஒலி கடக்கும் தூரம் 1.1 மீட்டர். மேசையில் பட்டுத் தெறித்து வரும் ஒலி சுமார் 1.42 மீட்டர் கடக்கவேண்டும். இந்த 32 செ.மீ. வித்தியாசத்தால் இரண்டாவது ஒலி ஒரு மில்லி நொடிக்குச் சற்றுக் குறைவான தாமதத்தோடு வருகிறது. தனி எதிரொலியாகக் கேட்கும் அளவுக்கு அது நீண்ட நேரமல்ல. ஆனால் 540 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டு அலைகளும் எதிரெதிராக மோதி ஒன்றையொன்று கரைக்கின்றன. 1600 ஹெர்ட்ஸை ஒட்டி மறுபடியும் அதுவே நடக்கிறது. பாடகரின் குரலில் ஏதோ குறைகிறதே என்று நினைத்து நீங்கள் அந்தப் பகுதியைக் கூட்டிவைப்பீர்கள். அதே பாட்டை வேறு வீட்டில் கேட்டால் குரல் மூக்கடைத்ததுபோல் முட்டிக்கொண்டு நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, முகம் பார்க்கும் கண்ணாடி போதும். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மேசைமேல் கண்ணாடியைப் படுக்கவைத்து நகர்த்துங்கள். எந்த இடத்தில் ஸ்பீக்கரின் சிறிய கூம்பு கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி தெறிக்கிறது. மேசையின் ஆழத்தைக் குறைத்து, பலகையை நம் பக்கமாகச் சாய்த்தால் அந்தப் புள்ளி ஸ்பீக்கர் பக்கம் நகரும். மேலே சொன்ன அளவுகளில், ஸ்பீக்கருக்கும் நமக்கும் நடுவில் உள்ள மேசைக்கு 15 பாகை சாய்வு கொடுத்தால், புள்ளி மேசையின் மையத்திலிருந்து சுமார் 29 செ.மீ. பின்னால் போகிறது. பலகையின் ஆழம் 45 செ.மீ. மட்டும்தான் என்றால் புள்ளி விழ வேண்டிய இடத்தில் பலகையே இருக்காது. ஸ்பீக்கரையும் மேசைமேல் வைக்காமல் தனி ஸ்டாண்டில் நிறுத்துவது நல்லது. கனமான சதுர இரும்புக் குழாயில் வெல்டிங் பட்டறையில் ஒரு ஜோடி செய்துகொண்டு, உள்ளே காய்ந்த மணலை நிரப்பினால் குழாய் ரீங்கரிக்காது.

இனி உயரம். கடையில் விற்கும் ஸ்டுடியோ மேசைகள் எல்லாமே நாற்காலியில் உட்காருகிறவருக்காகச் செய்யப்பட்டவை. நம் பாடகர் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்காருகிறார். ஹார்மோனியமும் சுருதிப்பெட்டியும் தவிலும் தரையில் இருக்கின்றன. பதிவு செய்பவர் மட்டும் எதற்காக மேலே உட்காரவேண்டும்? சம்மணமிட்டு உட்கார்ந்தால் காது தரையிலிருந்து முக்கால் மீட்டரை ஒட்டி வரும். அந்தக் காலக் கடைகளில் கணக்குப்பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசை நினைவிருக்கிறதா? ஏறத்தாழ ஓர் அடி உயரம், முன்பக்கம் தாழ்ந்த பலகை, உள்ளே சின்ன அறை. அதே வடிவம் இங்கே அப்படியே பொருந்துகிறது. உள்ளறையில் இன்டர்ஃபேஸ் போய்விடும், சாய்ந்த பலகையில் கீபோர்டு நிற்கும். இந்த ஊரில் மேசை செய்வதாக இருந்தால் நான் முதலில் இதைத்தான் யோசிப்பேன். முதுகு ஒத்துழைக்காதவர்கள் நாற்காலி உயரத்துக்கே செய்துகொள்ளட்டும். எப்படியானாலும் ஆசாரியிடம் கொடுக்கும் முதல் அளவு தரையிலிருந்து உங்கள் காது எவ்வளவு உயரம் என்பதுதான்.

ரேக்கில் இந்தச் சுதந்திரம் கிடையாது. ப்ரீஆம்ப், கம்ப்ரஸர், பவர் ஆம்ப்ளிஃபயர் எந்த நாட்டில் செய்யப்பட்டாலும், ரேக்கில் பூட்டுவதற்கென்று வந்தால் அதன் முகப்பு 19 அங்குல அகலம்தான், அதாவது 482.6 மி.மீ. உயரம் ‘யூ’ என்ற அலகில் வரும். ஒரு யூ 1.75 அங்குலம், 44.45 மி.மீ. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் ரிலே என்னும் மின்சுவிட்சுகளை அடுக்குவதற்காக அமெரிக்காவில் ஏற்பட்ட அளவு இது. வானொலி நிலையங்களும் கம்ப்யூட்டர் அறைகளும் ஒலிப்பதிவுக் கூடங்களும் அதையே எடுத்துக்கொண்டன. நூறாண்டுக்கு முந்தைய டெலிபோன் ஆட்களின் அளவுக்கு இன்று ஓர் ஆசாரி பெட்டி அறுக்கிறார் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆறு யூ ரேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு கருவிகளுக்கு 266.7 மி.மீ. உயரம் வேண்டும், உள் உயரத்தை 270 வைக்கலாம். உள் அகலம் 486 முதல் 488 மி.மீ. 18 மி.மீ. பிளைவுட் போட்டால் வெளி அகலம் 522-இலிருந்து 524 வரை வரும். இரண்டு பக்கப் பலகைகளின் உட்புறத்தில், முன்விளிம்பை ஒட்டி இரும்பு எல்-ஆங்கிள் செங்குத்தாக நிற்கவேண்டும். இரண்டு ஆங்கிளுக்கும் நடுவே 450 மி.மீ. திறப்பு. இடப்பக்கத் துளையின் மையத்துக்கும் வலப்பக்கத் துளையின் மையத்துக்கும் இடையே 465 மி.மீ.

எல்லாரும் தடுமாறுவது ஆங்கிளில் துளை போடும்போதுதான். துளைகள் சம இடைவெளியில் இல்லை. 15.9, 15.9, 12.7 மி.மீ. என்று ஒரு யூவுக்குள் மூன்று இடைவெளி. அடுத்த யூவிலும் அதே வரிசை. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீட்டர் தப்பினாலும், ஆறாவது யூவை எட்டும்போது நான்கு மில்லிமீட்டருக்கு மேல் விலகி, கருவி பொருந்தாது. எல்லா அளவையும் ஆங்கிளின் ஒரே முனையிலிருந்து எடுக்கவேண்டும். இரண்டு ஆங்கிளையும் முதுகோடு முதுகு சேர்த்துக் கிளாம்பில் இறுக்கி, ஒரே டிரில்லில் இரண்டையும் துளைத்துவிட்டால் இடமும் வலமும் ஒத்துப்போகும். சென்ட்டர் பஞ்சால் ஒரு குறி அடித்துவிட்டு, முதலில் மெல்லிய பிட், பிறகு ஆறரை மி.மீ. பிட். எம்6 போல்ட் சிரமமில்லாமல் நுழையும். துளையை அரத்தால் இடவலமாகக் கொஞ்சம் நீட்டிவிடுங்கள். சற்று அகலம் மாறி வரும் கருவிகளுக்கு அது உதவும். இவ்வளவும் வேண்டாம் என்றால் துளையிட்ட ரேக் பட்டைகளைச் சென்னை ரிச்சி தெருவில் தேடி வாங்கிவரலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

திருத்தணியில் ரேக் செய்பவர் மறக்கவே கூடாதது வெயில். கோடையில் வானிலை அறிக்கை வாசிக்கும்போது அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் இந்த ஊரின் பெயர் அடிக்கடி வரும். 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது இங்கே புதுமையில்லை. பல கருவிகளின் கையேடுகள் சுற்றுப்புற வெப்பம் 40 பாகைக்குள் இருக்கவேண்டும் என்கின்றன. கருவிக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் வெப்பம் பத்து பாகை ஏறினால் ஏறத்தாழ பாதி ஆயுளை இழக்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. ஆகவே ரேக்கின் பின்பக்கத்தைப் பலகையால் மூடவேண்டாம். அடிப்பலகையிலும் மேற்பலகையிலும் காற்றுக்கு நீள்துளை விடுங்கள். சூடான காற்று தானே மேலேறி வெளியேறும். அதிகம் சுடும் பவர் ஆம்ப்ளிஃபயரை உச்சியில் வைத்து, அதன்மேல் ஒரு யூவைக் காலியாக விடுவது உத்தமம். மேற்குச் சுவர் மாலையில் கொதிக்கும், ரேக்கை அதில் சாய்த்து வைக்காதீர்கள்.

மர விஷயத்தில் நீட்டிப் பேச ஏதுமில்லை. ஐ.எஸ். 303 முத்திரையுள்ள பி.டபிள்யூ.ஆர். பிளைவுட் போதும்; தரை ஓதம் காக்கும் வீடானால் ஐ.எஸ். 710 போடலாம். பார்ட்டிக்கிள் போர்டு எடை தாங்காது, ஸ்க்ரூவையும் பிடித்துவைக்காது. எட்டுக்கு நான்கு தாள் ஒன்றில் ரேக்கும் தரைமேசையும் அடங்கிவிடும். கரையானுக்காக எல்லாவற்றையும் தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது தூக்கி நிறுத்துங்கள். எல்லைக்கு அப்பால் சேஷாசலம் மலைக்காடுகளில் வளரும் செம்மரத்தின்மேல் சிலருக்கு ஆசை உண்டு. அது அழிவின் விளிம்பில் நிற்கும், சட்டம் காக்கும் மரம். அதை விட்டுவிடுவோம்.

மீந்த சட்டங்களில் ஒலி உறிஞ்சும் பலகைகள் செய்யலாம். அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருந்தால் நிலைமை சிக்கலானது. மூன்று திசையிலும் 57 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 114, 171 எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்; தவிலின் தொப்பிப் பக்கத்து ஆழ்ந்த ஒலி சில இடங்களில் குமுறும், சில இடங்களில் காணாமல் போகும். முட்டை அட்டையை ஒட்டினால் இது தீராது. மெல்லிய எந்தப் பொருளுக்கும் நீண்ட அலையைப் பிடிக்கும் திறன் இல்லை. நான்கு அங்குலத் தடிமனுள்ள ராக்வுல்லைச் சட்டத்தில் அடைத்து, சுவருக்கும் அதற்கும் நடுவே இன்னும் நான்கு அங்குலம் இடம் விட்டால் உயர்ந்த ஒலியிலிருந்து நடுத்தர ஒலி வரை நன்றாக உறிஞ்சும். அதற்குக் கீழே பலன் படிப்படியாகக் குறையும். ஆழமான ஒலிக்கு அறையின் மூலைகளில் இதைவிடத் தடிமனாக அடைக்கவேண்டும். ராக்வுல் தூசு மூச்சுக்குக் கெடுதல், முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. மூடுவதற்குக் காற்று புகும் பருத்தித் துணி வேண்டும். வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரவேண்டும், அதுதான் சோதனை. பக்கத்திலேயே பொதட்டூர்பேட்டையில் தறி ஓடுகிறது. துணிக்கு வேறெங்கும் போகவேண்டாம்.

கடைசியில் கம்பிகள். மின்கம்பிகளை ரேக்கின் ஒரு பக்கமாகவும் மைக் கம்பிகளை மறுபக்கமாகவும் இறக்குங்கள். இரண்டும் சந்தித்தே ஆகவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். பக்கத்தில் பக்கமாக நெடுந்தூரம் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு பாட்டுக்குள் வந்துவிடும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே எர்த் இருக்கட்டும். ரேக்கின் அடியில் உருளும் சக்கரம் நான்கு பொருத்தி, பின்பக்கக் கம்பிகளை இரண்டடி கூடுதலாக விட்டுவையுங்கள். ஏதாவது ஒரு பிளக்கை மாற்ற வேண்டிவரும்போது பெட்டியை இழுத்துத் திருப்பிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.